மூக்கில் மரு உள்ள அண்ணன்

ரோமாபுரி ராஜ்யத்தின் ஏதோ ஒரு மூலையில் அடித்த இரண்டு வெண்கலக் காசுகள் ஒரு நாணய ஆராய்ச்சிக்காரரின் தட்டில் கிடந்தன. இரண்டிலும் ஒரே ராஜா முகம். ஒன்றில் மட்டும் ராஜாவின் மூக்கில் மிளகளவு மரு.

அந்த மருக்காசுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "வயசானாத்தான் மரு வரும். நான்தான் மூத்தவன், அண்ணன்னு கூப்பிடு!" என்று அதட்டி, வெயில் விழும் நடு இடத்தைப் பிடித்துக்கொண்டது. வழுவழு மூக்குக் காசு ஈர ஓரத்தில் ஒதுங்கி, "சரிண்ணே" என்றது. அதன் முதுகில் பச்சைக் களிம்பு ஏறியது.

ஒருநாள் ஆராய்ச்சிக்காரரின் பூதக்கண்ணாடி இரண்டையும் உற்றுப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே அச்சில பிறந்தவங்கப்பா" என்றது.

"தெரியும். மூத்தவன் யாருன்னு இவனுக்கு உறைக்கிற மாதிரி சொல்லுங்க!" என்றது மருக்காசு.

"அச்சு புதுசா இருந்தப்போ மூக்கு வழுவழுன்னுதான் விழுந்தது. அடிச்சு அடிச்சு அச்சில குழி விழுந்த அப்புறம்தான் காசில மரு முளைச்சது. நீ பின்னாடி பிறந்தவன்."

மருக்காசு மூக்கை மறைக்கப் பார்த்தது. காசுக்குக் கை ஏது?

ஓரத்திலிருந்து ஒரு குரல் கனிவாக வந்தது: "தம்பி, கொஞ்சம் தள்ளிப் படு. அண்ணனுக்குக் களிம்பு பிடிக்குது."