ஒரு மாதச் சிறை

"எழுந்திரும்மா, கிளம்பு. உன் அபராதத்தை யாரோ கட்டிட்டாங்க" என்றாள் சிறைக் காவலாளி.

டீலியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதெப்படிக் கட்டலாம்? ஒரு மாசம் ஜெயில்னு ஜட்ஜே சொன்னாரே!"

"அபராதம் கட்டலைன்னாதான் ஜெயில். பணம் வந்தாச்சு, இடத்தைக் காலி பண்ணு."

ஒரே ஒரு ராத்திரி! பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு டப்ளின் கோட்டை ஜன்னலை உடைத்தவள் அபராதம் கட்டி வெளியே வருவதா? சங்கத்துக்கே அவமானம். முழுசாக உள்ளே இருந்தால்தான் பூங்கொத்து, பத்திரிகையில் படம் எல்லாம். அதே சங்கத்துத் தோழி மைரே மூன்று முறை சிறைக்குப் போய்வந்துவிட்டாள். கூட்டம் நடந்தால் மைரேவுக்கு மேடை, டீலியாவுக்குத் தேநீர்க் கெண்டி. மூன்று வருடமாக வயிறு எரிந்து, முந்தாநாள்தான் துணிந்து கல்லை எறிந்திருந்தாள்.

வெளியே நல்ல மழை. டீலியாவின் குடை தொலைந்து ஒரு மாதமாகிறது. சிறை வாசலில் குடையும் கையுமாக நின்றது சாட்சாத் மைரேதான்.

"நீதானே கட்டினே?"

"ஆமா, நான்தான்."

"அடிப்பாவி! ஒரு மாசம் எனக்குப் பேர் வந்தா உனக்குப் பொறுக்கலையா? பொறாமை பிடிச்சவளே!"

"முதல்ல குடைக்குள்ள வா. நனையறே."

"உன் குடையும் வேண்டாம், நீயும் வேண்டாம். போன மாசம் எவளோ உன் அபராதத்தைக் கட்டி, நீ ரெண்டாம் நாளே வெளிய வந்து அழுதியே, அப்ப யார் உன்னைத் தேத்தினா? அந்தத் துரோகி நாசமாப் போகணும்னு யார் சபிச்சா? நான்!"

"மறக்கலை டீலியா. அவ யாருன்னு விசாரிக்கத்தான் இன்னிக்குக் காலையில கோர்ட்டுக்குப் போனேன். குமாஸ்தாவுக்குப் பேர் தெரியலை."

டீலியாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "பின்னே?"

மைரே குடையை மடக்கி அவள் கையில் கொடுத்தாள். கைப்பிடியில் வாத்துத் தலை.

"டிராம்ல தொலைஞ்சுதுன்னு புலம்பினியே, இதானே? எனக்குப் பணம் கட்டின அம்மா கோர்ட்டுலயே மறந்து வெச்சுட்டுப் போயிட்டாங்களாம். இதை வாங்கின கையோடதான் உனக்கும் கட்டினேன்."