உள்ளே ஆள் உண்டு

இரண்டாவது முறையும் மணி அடித்து ஓய்ந்தது.

டீச்சரம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தாள். காலை மணி பதினொன்று. பால், தபால், குப்பை வண்டி எல்லாம் வந்து போயாகிவிட்டது. இந்த நேரத்தில் அவளைத் தேடி வர யாருமில்லை.

அடுத்த தெருவில் திருட்டு நடந்ததும் இதே பதினொரு மணிக்குத்தான்.

அதற்கப்புறம் ஒரு போலீஸ்காரர் வந்து, தெருக்காரர்களை உட்காரவைத்துப் பேசினார். ராத்திரியில் கன்னம் வைப்பதெல்லாம் அந்தக் காலம், இப்போது பட்டப்பகலில் தலை வாரி, சட்டை மடிப்புக் கலையாமல் வருகிறார்கள் என்றார். முதலில் மணி அடிப்பான். பதில் இல்லையென்றால் பூட்டில் கை வைப்பான். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளியாதீர்கள், உள்ளே ஆள் இருக்கிறது என்று காட்டுங்கள். தனியாக இருப்பவர்கள் அதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள்.

முப்பது வருஷம் பிள்ளைகளைக் குறிப்பெடுக்க வைத்தவள், அன்று தானே குறிப்பெடுத்துக்கொண்டாள்.

மறுநாளே பூட்டை மாற்றினாள். கணவருடைய செருப்பைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, வாசலில் போட்டாள். எதிரில் புதிதாகக் கடை திறந்த தையல்காரர், வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டபோது, நானும் அவரும்தான் என்றாள். அவருக்கு முழங்கால் வலி, வெளியே வருவதில்லை என்றாள். சொன்ன அன்று நாக்குக் கூசியது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

கதவில் வெளியே பார்க்க ஒரு துளை போடவேண்டும் என்று தச்சரிடமும் சொல்லியிருந்தாள். தச்சருடைய 'நாளைக்கு' இன்னும் விடியவில்லை.

பூட்டில் ஏதோ உரசியது.

சாவி. யாரோ சாவி போட்டுத் திருகுகிறார்கள். மெதுவாக, ஒரு முறை. வெளியே எடுத்து, ஊதிவிட்டு, மறுபடி. பதற்றமே இல்லை. கைதேர்ந்தவன்.

வாயைத் திறந்தாள். வகுப்பறைக் குரலைத் தேடிப் பிடித்தாள்.

"என்னங்க! வாசல்ல யாரோ நிக்கிறாங்க பாருங்க!"

உரசல் நின்றது.

"மெதுவா எழுந்திருங்க, விழுந்துடப் போறீங்க!"

நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்தாள். அதோடு விடவில்லை. கோபம் வரும்போது அவர் தொண்டையைச் செருமுவார். நாற்பது வருஷம் கேட்ட செருமல். அதையும் செருமினாள். அவளே திடுக்கிடும்படி, அச்சு அசலாக வந்தது.

பிறகு காலடிகள். ஓடவில்லை, நடந்துதான் போயின. படி இறங்கின. கேட் திறந்தது. வெளியே போனவன் கேட்டைச் சாத்தி, கொண்டியும் போட்டான்.

எந்தத் திருடன் கேட்டுக்குக் கொண்டி போட்டுவிட்டுப் போவான் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நூறு வரை எண்ணினாள். பிறகு சங்கிலியைப் போட்டபடியே கதவை விரல் அகலத்துக்குத் திறந்தாள். யாருமில்லை. சங்கிலியை எடுத்தாள்.

பூட்டில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது, பாதி நுழைந்து, மேலே போகாமல்.

கள்ளச்சாவி இல்லை. அந்த வீட்டுச் சாவிதான். பழைய பூட்டின் சாவி.

பழைய பூட்டுக்கு மூன்று சாவிகள். ஒன்று அவருடையது, ஒன்று அவளுடையது. இரண்டையும் அவளே பூட்டோடு தூக்கிப் போட்டாள். மூன்றாவது, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மகனுடைய சட்டைப் பையில் வெளியே போனது.

'நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காதே' என்று அன்று அவர் கத்தினார். அவன் மிதிக்கவில்லை. அவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. சொல்லியனுப்ப அவளிடம் விலாசம் இல்லை. இருந்த ஒரே நம்பரை வேறு யாரோ எடுத்து, அப்படி யாரும் இல்லை என்றார்கள்.

எதிர்க்கடையிலிருந்து தையல்காரர், அளவு நாடா கழுத்தில் ஆட, உபகாரம் செய்த பெருமையோடு குரல் கொடுத்தார்.

"டீச்சரம்மா, இப்ப உங்க வீட்டுலேர்ந்து ஒருத்தர் வந்தாரு. ஐயா தவறிட்டதா கேள்விப்பட்டேன், நிஜமான்னு என்கிட்ட கேக்கறாரு! வாயைக் கழுவுங்க, ஐயா உள்ள குத்துக்கல்லாட்டம் இருக்காருன்னு சொல்லி அனுப்பிட்டேன். 'ஆமா, குரல் கேட்டுச்சு'ன்னுட்டுப் போயிட்டாரு."

அவள் வெறுங்காலோடு படி இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டாள்.

"எந்தப் பக்கம் போனான்?"

யாரோ ஒரு பெரிய மனிதரை 'போனான்' என்கிறாளே என்று திகைத்த தையல்காரர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பஸ் நிற்கும் பக்கம் கையை நீட்டினார்.