பக்கத்தில் ஓர் இடம்

பால் தட்டோடு நான் உள்ளே நுழைந்தபோது நாற்காலிகள் நகர ஆரம்பித்திருந்தன.

எங்கள் ப்ளே ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்த பெண் உட்கார வந்தால் போதும். மேசையைச் சுற்றியுள்ள அத்தனை நாற்காலியும் கரகரவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

"நீ அழுக்கு. அங்க தரையில போய் உக்காரு."

சொன்னது குட்டி ராணி. நாங்கள் வைத்த பெயர்தான். நாலு வயது. எது வலது கால் ஷூ என்று தெரியாது, வாய் மட்டும் ஊருக்கே கேட்கும்.

புதியவள் அழவில்லை. இன்றைக்காவது இடம் விடமாட்டார்களா என்று மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான்.

வாசலில் நின்று, பள்ளியை நடத்தும் மேடமும் டீச்சரும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒதுக்குவது பிறவிக்குணம், இந்த வயதில் யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்றார் மேடம். எல்லாம் வீட்டில் பார்த்துப் பழகுவதுதான் என்றார் டீச்சர். பட்டிமன்றம் நன்றாகத்தான் போனது. உள்ளே வந்து ஒரு நாற்காலியை நகர்த்திப்போட மட்டும் இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

தட்டை வைத்துவிட்டு நானே போனேன்.

"ஆயா, பிள்ளைங்கள தொடறதுக்கு முன்னாடி கை கழுவுனீங்களா?" என்று மேடம் அங்கிருந்தே சத்தம் போட்டார்.

கழுவியிருந்தேன். ஈரம்கூடக் காயவில்லை. அப்போதுதான் மூக்கைச் சிந்திய டீச்சரை அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பிள்ளைகள் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். புதியவளும் பார்த்தாள்.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளை உட்காரவைக்கத் தோளைத் தொட்டேன். அவள் நெளிந்து விலகினாள். குட்டி ராணியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"சீ! ஆயா கை நாறுது."

மேசையே கொல்லென்று சிரித்தது. குட்டி ராணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் நாற்காலியைத் தள்ளிப்போட்டு, பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள்.

அவள் ஓடிப்போய் உட்கார்ந்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அங்கே பார்த்ததே இல்லை.

பார்த்தீர்களா, தானாகவே சரியாகிவிட்டது என்றார் மேடம்.

பள்ளிக்குள் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது. ஃபீஸ் வாங்காமல் அவளைச் சேர்த்துக்கொண்டபோது மேடம் போட்ட ஒரே நிபந்தனை அது. வாய்தவறிக்கூட என் மகள் அதை மீறியதில்லை. மாலையில் கேட்டைத் தாண்டிய மறுநிமிடம், அதுவரை அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்து, "அம்மா, அம்மா" என்று என் விரலைப் பிடித்துத் தொங்குவாள்.

அன்று கேட்டைத் தாண்டினோம். நான் கையை நீட்டினேன்.

அவள் தன் இரண்டு கைகளையும் கவுன் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள்.