பட்டியலில் விடுபட்ட படம்

மதிய வெயில் திரைச்சீலையின் இடுக்கு வழியாகக் கீபோர்டின் மேல் விழுகிறது. ஸ்கேன் அறைக் கணினியின் முன் மென்பொருள்காரி உட்கார்ந்திருக்கிறாள். ஸ்கேன் எடுக்கும் அக்கா பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். மூன்று வாரமாக நோயாளிகளின் படங்கள் சில, அவற்றைச் சேமித்து வைக்கும் சர்வரின் பட்டியலில் வருவதில்லை. அக்காதான் கைதவறி அழித்துவிட்டார் என்று பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். காரணத்தை இவள் இன்று காலைதான் பிடித்தாள். சர்வர், படங்களின் பெயர்களை நூறு நூறாக எண்ணி இந்தக் கணினிக்கு அனுப்புகிறது. இடையில் பழைய கோப்பு ஒன்று தானாக அழிந்தால் வரிசை ஓர் இடம் முன்னே நகர்ந்துவிடும். அடுத்த நூறின் முதல் பெயர் யார் கண்ணிலும் படாமல் நழுவிவிடும். இனி எண்ணிக்கையை விட்டு, கடைசியாக அனுப்பிய பெயரைப் பிடித்துத் தொடரும்படி நிரலில் பதினோரு வரிகளை மாற்றி எழுதியிருக்கிறாள். என்டர் பொத்தானைத் தட்டுகிறாள். பெயர்கள் மளமளவென்று ஓடுகின்றன. அக்காவின் கண்ணாடியிலும் ஓடுகின்றன. கடைசியில் திரையில் நிற்கிற மொத்த எண்ணும் சர்வரில் உள்ள படங்களின் எண்ணும் ஒன்றேதான். இவள் மறுபடி தட்டுகிறாள், மறுபடியும் அதே எண்.

“இந்தா, இந்தக் குழந்தையோட தலை ஸ்கேன்!” அக்காவின் விரல் திரையைத் தொடுகிறது. “இதுக்குத்தாம்மா அவ்வளவு பேச்சு வாங்கினேன்.”

“உங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா.”

படம் சாம்பல் நிறத்தில் விரிகிறது. இவளுக்கு உடம்பெல்லாம் பெருமிதம் சூடாகப் பரவுகிறது. கதவைத் திறந்துகொண்டு பெரிய டாக்டர் எட்டிப் பார்க்கிறார். “தொலைஞ்சது கிடைச்சிடுச்சா?”

அக்கா திரையிலிருந்து விரலை எடுத்து, நிமிர்ந்து நின்று சொல்கிறார்.

“தொலையவே இல்ல டாக்டர். உள்ள வந்து பாருங்க.”