பேனாட் குடித்த மீன் சூப்

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும் சோறும் இல்லை, கறியும் இல்லை. இவையள் தாறதைத்தான் சாப்பிடோணும். ஏலுமெண்டால் நான் ஹம்மர்பெஸ்டுக்குப் போறன். ஏலாதெண்டால் அந்த வேலை எனக்கு வேண்டாம்.”

பப் வாசலில் காரைவிட்டு இறங்கும்போதே மரியரஞ்சனி சொல்லிவிட்டாள்.

“ஏலும்,” என்றார் பேனாட்.

நோர்வேயின் வடகோடியில் இருக்கும் ஹம்மர்பெஸ்டில், ஒரு முதியோர் இல்லத்தில் தலைமைத் தாதி வேலை. இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் ஒஸ்லோவில். அவள் வருடக்கணக்காக ஆசைப்பட்டது. தடை பேனாட்டின் நாக்குத்தான். உறைப்பில்லாத எதுவும் அவர் தொண்டைக்குள் இறங்காது. நாள் முழுக்க பஸ் ஓட்டுகிற மனிதருக்கு முட்டை பொரிக்கத் தெரியாது.

கடலோரக் கிராமத்துப் பழைய பப் அது. கீழே குடியும் சாப்பாடும், மேலே தங்குவதற்கு நாலைந்து அறைகள். இரவுக்கு மீன் சூப் என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது. பேனாட் பெட்டிகளை மேலே வைத்துவிட்டு இறங்கி வந்தபோது, மரியரஞ்சனி கணப்படுப்புக்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தாள். அவள் இப்படிச் சும்மா இருந்து அவர் பார்த்துக் கனகாலம்.

இந்த மனிசி போகத்தான் வேணும் என்று நினைத்தார்.

“குடிக்க என்ன இருக்கெண்டு பாத்துக்கொண்டு வாறன்,” என்று உள்ளே போனார். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஜாம் போத்தலை எடுத்து, பப் நடத்தும் எம்மாவிடம் நீட்டினார். வறுத்து அரைத்த யாழ்ப்பாண மிளகாய்த் தூள்.

“என்னுடைய சூப்பில் மட்டும் இரண்டு கரண்டி. என் மனைவிக்குத் தெரியக்கூடாது,” என்றார் நோர்வே மொழியில்.

எம்மா போத்தலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு வாங்கி வைத்தாள்.

சூப் வந்தது. இருவரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். முதல் வாய்க்கே பேனாட்டுக்குக் காது அடைத்தது. அடுத்த வாய்க்கு மூக்கு ஓடியது. பாவி, அகப்பையால் அள்ளிப் போட்டுவிட்டாள்.

“என்னப்பா, முகம் சிவக்குது?”

“நெருப்புக்குக் கிட்ட இருக்கிறனல்லோ.”

அப்போதுதான் கவனித்தார். அவளுடைய சூப் பாலாக வெளுத்திருந்தது. இவருடையது செம்மண்ணாகக் கிடந்தது. அவள் கண்ணும் அங்கேதான் நின்றது.

“இது... இறால் கூடப் போட்டிருக்கினம் போலை,” என்றார்.

“கிண்ணத்தின்ரை நிறமாயும் இருக்கும்,” என்றாள் அவள்.

கிண்ணம் வெள்ளை. அவள் வடிவாகப் பார்க்கவில்லை என்று பேனாட் கர்த்தருக்கு நன்றி சொன்னார்.

“தண்ணி தரட்டோ?”

“ஏன்? நல்ல ருசியாயெல்லோ இருக்கு. இவ்வளவு நாளும் இதை விட்டிட்டு உம்மடை குழம்பைக் குடிச்சு வீணாப் போனன்.”

“கூடப் புளுகாதேங்கோ.”

கண்ணீர் வழிய வழிய, கிண்ணத்தின் அடிவரை வழித்துக் குடித்தார். மரியரஞ்சனி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களை நம்பி விட்டிட்டுப் போகலாம் போலை கிடக்கு,” என்றாள். அங்கிருந்தே போனில் சம்மதம் எழுதி அனுப்பினாள்.

காலையில் அவள் காரில் ஏறிய பிறகு, பேனாட் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். எம்மா ஜாம் போத்தலை எடுத்து வைத்தாள். அதன் பக்கத்தில் ஒரு கோப்பிப் போத்தலையும் வைத்தாள். அதற்குள்ளும் அதே தூள்.

“இது என்னுடையதில்லை,” என்றார் பேனாட்.

“உங்கள் மனைவியுடையது. நேற்று நீங்கள் பெட்டிகளோடு மேலே போனபோது தந்தார். உங்கள் சூப்பில் இரண்டு கரண்டி, உங்களுக்குத் தெரியக்கூடாது என்றார்,” என்றாள் எம்மா. “யாருடைய பேச்சைத் தட்டுவது? இரண்டையும் போட்டுவிட்டேன்.”