அளவெடுத்துச் செய்த கதவு

ஓய்வுபெற்ற நீதிபதி நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்தார். எதிரே, சாக்கால் சுற்றிய கதவொன்றைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தச்சர் நின்றார்.

"உங்க மகன் வாயால சொன்னாருங்க ஐயா. செஞ்சு முடிச்சப்புறம் வேண்டாங்கிறாரு. எழுத்துல எதுவும் வாங்கிக்கல."

"வேற யாருக்காவது விக்க முடியுமா?"

"முடியாதுங்க. உங்க அறை நிலைக்கு அளவெடுத்தது. அமைப்பும் தனி."

பக்கத்தில் நின்ற மகனின் முகம் வெளிறியது. "அப்பா, இதுல நீங்க தலையிடாதீங்க. நான் மனசு மாறிட்டேன்."

"மனசு மாறலாம்டா, வாக்கு மாறலாமா? ஒருத்தருக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச பொருளுக்கு வாய்ச்சொல்லே பத்திரம். முப்பது வருஷம் இதைத்தானே தீர்ப்பா எழுதினேன்!"

தம் அறைக்கு மகன் கதவு செய்யச் சொல்லியிருக்கிறான் என்பதில் கிழவருக்கு உள்ளம் குளிர்ந்திருந்தது. "நீ மாட்டுப்பா" என்றார் தச்சரிடம்.

"வேண்டாம்ப்பா..."

"மாமாவே தீர்ப்புச் சொல்லியாச்சு," என்றாள் மருமகள் சிரித்தபடி. "இனி அப்பீல் கிடையாது."

ஒரு மணி நேரத்தில் கதவு இம்மியும் பிசகாமல் நிலையில் பொருந்தியது. நீதிபதி அறைக்குள் சென்று அதைச் சாத்தினார். வழவழப்பான மரத்தை மேலிருந்து கீழ்வரை தடவினார்.

"தச்சரே, தாழ்ப்பாள் எங்கே?"

வெளியிலிருந்து வந்த குரல் தணிந்திருந்தது. "வெளிப்பக்கம் மட்டும்தான் வைக்கச் சொன்னாங்க ஐயா. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளக் கீழே ஒரு திறப்பு இருக்கு, பாருங்க."

தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று மருமகள் போட்டுப் பார்த்தாள்.

சரியாகத்தான் விழுந்தது.