திட்டினது திட்டினபடி

இனிப்புப் பெட்டியோடு அறைக்குள் வந்த டைப்பிஸ்ட்டைப் பார்த்ததும் மேலாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். சில மாதங்களுக்கு முன், மொத்த ஆபீசையும் நிற்க வைத்து, "இனி தூங்கினா வேலை காலி" என்று அவளை எச்சரித்தவர் அவர்தான்.

"வேற வேலை கிடைச்சிடுச்சாம்மா? சந்தோஷம். இப்ப நீ சுறுசுறுப்பா இருக்கேன்னா, அது என் வாயாலதான். மறந்துடாதே."

"அதுக்குத்தான் சார் நன்றி சொல்ல வந்தேன். நான் எங்கயும் போகல."

"அப்புறம் எதுக்கு இனிப்பு?"

"ஒரு வருஷமா தைராய்டு மாத்திரை போட்டும் சோர்வு போகல சார். நீங்க திட்டின அன்னைக்கு அழுதுகிட்டே டாக்டர்கிட்ட போனேன். என்ன பண்ணுதுன்னு கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க திட்டினதை அப்படியே ஒப்பிச்சேன். உட்கார்ந்த இடத்துல தூக்கம், நாலு படி ஏறினா நாய் மாதிரி இரைப்பு, வெயில்லயும் ஸ்வெட்டர், மேஜை பூரா முடி..."

"இவ்வளவுமா சொன்னேன்?"

"ஒண்ணு விடல சார். உடனே ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். உடம்புல இரும்புச்சத்து அடிமட்டத்துல இருந்திருக்கு. தைராய்டு சுரப்பி ஒழுங்கா வேலை செய்யவே இரும்புச்சத்து வேணுமாம். இப்ப தைராய்டு மாத்திரையும் இரும்பு மாத்திரையும் தனித்தனி நேரத்துல போடறேன். உயிர் வந்த மாதிரி இருக்கு சார்."

மேலாளர் பெரிய இனிப்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

"டாக்டர் என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"ரொம்பப் பாராட்டினார் சார். அப்புறம், ஏசியிலயும் வேர்க்குமா, கை நடுங்குமா, காரணமில்லாம கத்துவாரான்னு கேட்டார். எல்லாத்துக்கும் ஆமான்னேன். எனக்குக் குறைச்சலா சுரக்கற தைராய்டு உங்களுக்கு அதிகமா சுரக்குதோன்னு சந்தேகப்படறார். நாளைக்குக் காலையில உங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன் சார்."